ஏதுவும் போலியும்: கற்பனை அணி விளையாட்டு விவாதங்களின் தரம் – மணிமேகலை அளவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஃபேன்டசி விளையாட்டு என இன்று வழங்கும் கற்பனை அணி விளையாட்டு, நடக்கவிருக்கும் ஆட்டத்தில் எந்த ஆட்டக்காரர் சிறப்பார் என்னும் ஊகத்தின் மீது அமைந்தது. அவ்வூகத்தைச் சுற்றி நாள்தோறும் பெருகும் விவாதங்களில் காரணம் சொல்லப்படுவது போலத் தோன்றினும், பல வேளைகளில் காரணம் போன்ற ஒன்றே சொல்லப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் ஏதுப்போலி முதலிய வகைமைகளும், நன்னூற் பாயிரம் கூறும் எழுவகை மதமும் துணைபுரியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். விவாதத்தின் தரத்தை ஆட்டத்தின் முடிவைக்கொண்டு அளப்பது பிழை என்பதும், பழைய அளவையியல் நிகழ்தகவு சார்ந்த களத்திற்கு வரும்போது ஒரு திருத்தம் தேவை என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, அளவையியல், ஏதுப்போலி, நன்னூல், எழுவகை மதம், கற்பனை அணி விளையாட்டு, நிகழ்தகவு

1. முன்னுரை

மணிமேகலையின் அளவையியற் பகுதிகள் பெரும்பாலும் இருவகையில் ஆராயப்பட்டுள்ளன. ஒன்று, திக்நாகர் மரபோடும் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடும் ஒப்பிட்டு நூலின் காலத்தை வரையறுக்கும் முயற்சி. மற்றொன்று, பௌத்த சமயக் கோட்பாட்டின் பகுதியாக அவற்றை விளக்கும் முயற்சி. இரண்டும் இன்றியமையாதவை. ஆயினும் வாதம் செய்வோர்க்குரிய கருவியாக அப்பகுதியை எடுத்து, இன்று வழங்கும் வாதங்களில் பொருத்திப் பார்க்கும் முயற்சி அரிதாகவே உள்ளது. கருவியின் கூர்மை பயன்பாட்டில்தான் தெரியும். அதற்கு ஒரு களம் வேண்டும்.

கற்பனை அணி விளையாட்டை இக்கட்டுரை அக்களமாகக் கொள்கிறது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இங்கு ஒவ்வொரு கூற்றும் குறித்த நாளில் மெய்யோ பொய்யோ ஆகிவிடுகிறது. சமய வாதத்திலும் அரசியல் வாதத்திலும் இவ்வசதி இல்லை. இரண்டாவது, எண்கள் நிரம்பக் கிடைப்பதால் ஏது எளிதில் கிட்டும். எளிதில் கிட்டுவதாலேயே போலிகளும் பெருகும். மூன்றாவது, இவ்விளையாட்டின் சமூக, சட்ட நிலை முழுவதும் திறன், வாய்ப்பு என்னும் இரண்டன் வேறுபாட்டைச் சுற்றியே பேசப்பட்டு வந்துள்ளது.

இக்கட்டுரையில் வரும் விவாதக் கூற்றுகள், வழக்கிலுள்ள வாத வகைகளைக் காட்டுதற்பொருட்டு ஆய்வாளரால் அமைக்கப்பட்டவை. எவருடைய கூற்றும் மேற்கோளாக எடுக்கப்படவில்லை.

2. விளையாட்டின் அமைப்பும் வரலாறும்

1962இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த வில்ஃப்ரட் விங்கன்பாக் என்பாரும் அவர்தம் நண்பரும் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை வைத்து வகுத்த ஆட்டமுறை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 1980இல் டேனியல் ஓக்ரண்ட் பேஸ்பால் ஆட்டத்திற்கு வகுத்த முறை, நண்பர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் ‘ரோட்டிசரி’ என வழங்கலாயிற்று. பங்கேற்போர் உண்மையான ஆட்டக்காரர்களைத் தேர்ந்து தத்தம் கற்பனை அணியை அமைப்பர். அவ்வாட்டக்காரர்கள் களத்தில் உண்மையாகச் செய்தவை புள்ளிகளாக மாற்றப்படும். இதுவே எல்லா வடிவங்களுக்கும் பொதுவான அடிப்படை.

இந்தியாவில் ஐபிஎல் தொடங்கிய 2008ஆம் ஆண்டிலேயே ட்ரீம்11 நிறுவனமும் தொடங்கப்பெற்றது. இங்குப் பரவிய கிரிக்கெட் வடிவத்தில் பதினொருவரை வரம்புக்குட்பட்ட மதிப்புக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். அணித்தலைவராகக் குறிக்கப்படுபவர் ஈட்டும் புள்ளி இருமடங்காகவும், துணைத்தலைவருடையது ஒன்றரை மடங்காகவும் கணக்கிடப்படும். எனவே ‘யாரைத் தலைவராக்குவது’ என்பதே விவாதத்தின் மையம்.

2017இல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் இத்தகைய ஆட்டம் பெரிதும் திறன் சார்ந்தது எனத் தீர்ப்பளித்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ, திறன், வாய்ப்பு என்னும் வேறுபாட்டைக் கருதாது, பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்தது. சட்டத்தின் நன்மை தீமைகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. திறன் என்பது உண்டாயின் அது எங்கே காணப்படும்? வென்ற அணியில் மட்டும் அதனைக் காண இயலாது. வாய்ப்பினாலும் அணி வெல்லும். தேர்வுக்குக் காட்டப்படும் காரணத்தில்தான் அதனைத் தேட வேண்டும். விவாதத்தின் தரம் என்பது வெறும் நாகரிகப் பிரச்சினை அன்று என்பது இதனால் விளங்கும்.

3. முகில் கண்டு மழை உரைத்தல்

மணிமேகலை 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, கருதலளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மலைத்தலையில் மழை பெய்தமையை உணர்வது எச்சம். சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். முன்னது விளைவிலிருந்து காரணத்திற்குச் செல்வது. பின்னது காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்வது.

29ஆம் காதையில் காஞ்சி நகரத்து அறவண அடிகள் இதனை மேலும் கூர்மைப்படுத்துகிறார். காரணத்தையும் பொதுத்தன்மையையும் பற்றி எழும் கருத்துகள் பிழைபடவும் கூடும். புகையால் நெருப்பை அறிவது போலக் காரியத்தால் காரணத்தை அறியும் கருத்தே பிழையாதது என்பது அவர் உரையின் சாரம்.

கற்பனை அணி விளையாட்டில் ஆட்டத்திற்கு முன் சொல்லப்படும் கூற்றுகள் பெரும்பாலும் ‘முதல்’ வகையைச் சார்ந்தவை. ஆடுகளம் வறண்டுள்ளது, எதிரணியில் இடக்கை மட்டையாளர் பலர் உள்ளனர், ஆதலின் இச்சுழற்பந்து வீச்சாளர் சிறப்பார் என்பது முகில் கண்டு மழை உரைப்பதே. முகில் கண்டு சொன்னவன் சொல் பொய்த்தால் அவன் முகிலைத் தவறாகக் கண்டான் என்று கூற இயலாது. காற்று முகிலைக் கலைத்திருக்கலாம். அவ்வாறே, வானம் பாராமலே மழை வரும் என்றவன் சொல் பலித்தாலும் அவன் வானியல் அறிந்தவன் ஆகான்.

இத்துறை விவாதங்களின் முதற்குறை இங்குத் தோன்றுகிறது. ஆட்டம் முடிந்ததும் புள்ளிப்பட்டியலைக் காட்டி, ‘நான் சொன்னேன்’ என்பது வாதத்தை முடித்துவைக்கிறது. கருதலளவையால் எழுந்த ஒரு கூற்று, பின்னர் வந்த காண்டலளவையால் மட்டும் மதிப்பிடப்படுகிறது. ஒரு முறை பலித்ததோ பொய்த்ததோ ஏதுவின் வலிமைக்குச் சான்றாகாது. முடிவைக்கொண்டு காரணத்தை அளக்கும் வழக்கம் ஓங்கிய இடத்தில், நல்ல காரணம் சொல்லித் தோற்றவர் வாயடைக்கப்படுகிறார். காரணமே சொல்லாமல் வென்றவர் ஆசானாகிறார். அங்குக் கற்பதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

4. பக்கப்போலி: எதை நிறுவுகிறோம் என்னும் தெளிவின்மை

அறவண அடிகள் கூறும் வாத உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பன. உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள் அடங்கும். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அங்குப் புகை தெரிவது ஏது, அடுக்களை திட்டாந்தம். பக்கம் பழுதுபடுமிடங்களை அடிகள் ஒன்பது பக்கப்போலிகளாக வகுக்கிறார். அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, அப்பிரசித்த விசேடணம். நிறுவ எடுத்துக்கொண்ட பண்பை எதிர்வாதி அறியாமலோ ஏற்காமலோ இருப்பது. ‘இவர் நல்ல தேர்வு’ என ஒருவர் கூற மற்றவர் மறுக்கிறார். முதல்வர் கருதியது, மிகுதியான புள்ளி ஈட்டுவார் என்பது. மற்றவர் கருதியது, கொடுக்கும் மதிப்பிற்கு ஏற்ற புள்ளி ஈட்டுவார் என்பது. விலையுயர்ந்த ஆட்டக்காரர் முதற்பொருளில் நல்ல தேர்வாகவும் இரண்டாம் பொருளில் தீய தேர்வாகவும் இருக்கக்கூடும். சொல் ஒன்றாயினும் பக்கம் இரண்டு. ‘ஃபார்ம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. கடைசி மூன்று ஆட்டங்களா, இப்பருவம் முழுமையுமா என வரையறுக்காத வரை அதன்மேல் வாதம் நடவாது.

இரண்டாவது, சுவசன விருத்தம்; தன் சொல்லே தனக்கு மாறாவது. ‘டி20 ஆட்டத்தில் எதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது, ஆனால் இவர் இன்று நிச்சயம் ஆடுவார்’ என்பது அத்தகையது. உறுதியின்மையைத் தன் தோல்விக்கு அரணாகவும், உறுதியைத் தன் கூற்றுக்கு அணியாகவும் ஒருங்கே வைத்துக்கொள்ளும் உத்தி இது.

5. ஏதுப்போலி: காரணம் போன்றவை

ஏது மெய்யாவதற்கு மூன்று இயல்புகள் வேண்டும். அது பக்கத்தில் இருத்தல். நிறுவப்படும் பண்புடைய பிறவாகிய சபக்கத்தில் இருத்தல். அப்பண்பில்லாத விபக்கத்தில் இல்லாதிருத்தல். இவற்றுள் ஒன்று தவறினும் ஏதுப்போலியாம். அது அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படும்.

5.1 அசித்தம்

ஏதுவே நிலைபெறாதிருப்பது அசித்தம். அதன் வகைகளுள் சித்தாசித்தம் என்பது ஏது ஐயத்திற்கிடமாவது. தோன்றுவது பனியோ புகையோ எனத் தெளியுமுன் நெருப்பு உண்டென்பது. ‘அவர் காயமுற்றுள்ளாராம், ஆகவே ஆடமாட்டார்’ என்னும் கூற்றில் காயச்செய்தி இன்னும் பனிதான். ஊர்ப்பேச்சை அளவையாகக் கொள்வதை 27ஆம் காதை ஐதிகம் என்னும் பெயரால் சுட்டுகிறது. ஆராயாது உறுதிகொள்வதைத் தேராது தெளிதல் என அளவைக் குற்றங்களுள் வைக்கிறது. செய்தி எங்கிருந்து வந்தது, அணி நிர்வாகம் அறிவித்ததா, எவரேனும் ஊகித்ததா என வினவும் பழக்கம் ஒன்றே அசித்தத்தின் பெரும்பகுதியைக் களையும்.

5.2 அநைகாந்திகம்

ஏது ஒரு முடிவில் நில்லாது இருபுறமும் செல்வது அநைகாந்திகம். சபக்கத்திலும் விபக்கத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது சாதாரணம் எனப்படும். கிரிக்கெட் வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. டெஸ்ட் ஆட்டங்களில் டான் பிராட்மனின் சராசரி 99.94, 52 ஆட்டங்களில், 80 இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை 6996 ஓட்டங்கள். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கான்டோம் 1948இல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஆடிய ஒரே இன்னிங்சில் 112 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய சராசரி 112. ‘சராசரி உயர்ந்திருத்தலால் இவரே சிறந்த மட்டையாளர்’ என்னும் வாதம் உண்மையாயின், கான்டோம் பிராட்மனை விஞ்சியவராவார். அதனை எவரும் ஏற்கார். எனவே ‘உயர்ந்த சராசரி’ என்னும் ஏது, எத்தனை இன்னிங்ஸ் என்னும் அடையின்றி வருங்கால், இருபுறமும் செல்லும் ஏது. சராசரிப் பட்டியல்களில் 20 இன்னிங்ஸ் போன்ற கீழெல்லை வைக்கும் வழக்கம் இப்போலியைத் தவிர்க்கும் பொருட்டே எழுந்தது.

அசாதாரணம் என்பது சபக்கம், விபக்கம் இரண்டிலும் காணப்படாத ஏது. ‘செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்தில், இம்மைதானத்தில், இவ்வீச்சாளருக்கு எதிராக, இவர் எப்போதும் அரைச்சதம் எடுப்பார்’ என அடைமேல் அடை சேர்த்தால் இறுதியில் ஒரே ஆட்டம் மட்டும் எஞ்சும். ஒப்பிடுதற்கு வேறொன்றும் இன்மையால் அவ்வேது எதனையும் நிறுவாது. அளவிறந்த பொதுமை சாதாரணத்திற்கும், அளவிறந்த தனிமை அசாதாரணத்திற்கும் இட்டுச்செல்லும். எண்கள் மலிந்த இக்காலத்திற்கு இவ்விரு எச்சரிக்கைகளும் பொருந்துவது வியப்பிற்குரியது.

விருத்த வியபிசாரி மூன்றாவது. ஒரு பொருள்மேல் இருவேறு ஏதுக்கள், தனித்தனியே குற்றமற்றன போலத் தோன்றி, மாறுபட்ட முடிவுகளைத் தருவது. ‘கடந்த ஐந்து ஆட்டங்களில் ஓட்டம் குவித்தார், ஆதலின் தேர்க’ என்று ஒருவரும், ‘இவ்வணிக்கு எதிராக எப்போதும் தடுமாறினார், ஆதலின் விடுக’ என்று ஒருவரும் கூறுவர். இவ்விடத்து விளைவது ஐயமே என்கிறது அளவையியல். இங்கு இரு தரப்பினரும் தத்தம் எண்களை மேன்மேலும் உரத்துக் கூறுவதால் பயனில்லை. ஐயம் என ஒப்புக்கொள்வதும், எவ்வேது வலியது என்பதற்கு மூன்றாவது சான்று தேடுவதுமே வழி.

5.3 விருத்தம்

நிறுவ எடுத்ததற்கு மாறானதை நிறுவிவிடும் ஏது விருத்தம். 1975 ஜூன் 7 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளில், இங்கிலாந்து 60 ஓவர்களில் 4 விக்கெட் இழப்புக்கு 334 ஓட்டங்கள் எடுத்தது. இந்திய அணி 3 விக்கெட் இழப்புக்கு 132 எடுத்து 202 ஓட்டங்களில் தோற்றது. சுனில் கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து 36 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். டெஸ்ட் ஆட்டத்தில் ‘இறுதிவரை ஆட்டமிழக்காமை’ அணிக்கு நலம் பயத்தற்குரிய ஏது. வரையறுத்த ஓவர் ஆட்டத்தில் அதே ஏது, பந்துகள் செலவானமையைக் காட்டி, மாறான முடிவையே நிறுவியது. ஆட்ட வடிவம் மாறும்போது ஏதுவின் திசையும் மாறும். டெஸ்ட் சராசரியை டி20 தேர்வுக்குக் காரணமாகக் காட்டும் வாதங்களில் இப்போலியை இன்றும் காணலாம்.

6. ஒரு தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழுப்பலாம். ஏது விபக்கத்தில் அறவே இருத்தலாகாது என்பது அடிகளின் நெறி. விளையாட்டிலோ எவ்வளவு நல்ல காரணமும் சிலபொழுது பொய்க்கும். சிறந்த வீச்சாளரும் விக்கெட் இன்றித் திரும்பும் நாள் உண்டு. அங்ஙனமாயின் இத்துறையில் வரும் ஏது அனைத்தும் சாதாரண அநைகாந்திகமாகும், விவாதமே இயலாது.

இத்தடை வலியது. மணிமேகலை அளவையியல் ‘உண்டு, இல்லை’ என்னும் இருமையின் மீது நிற்பது. நிகழ்தகவு அதன் கருத்தன்று. ஆயினும் காரணம் பற்றிய கருத்து பிழைபடவும் கூடும் எனக் கூறுமிடத்து அடிகள் இக்களத்திற்கு வாயில் திறந்துவைத்துள்ளார். நாம் செய்யவேண்டிய திருத்தம் ஒன்று: ‘விபக்கத்தில் இல்லாமை’ என்பதனை ‘விபக்கத்தில் அருகி இருத்தல்’ எனக் கொள்வது. அப்போது ஏதுவின் வலிமை, அது சபக்கத்தில் எத்துணைப் பெரும்பான்மையாகவும் விபக்கத்தில் எத்துணைச் சிறுபான்மையாகவும் காணப்படுகிறது என்னும் அளவால் அறியப்படும். உண்டா இல்லையா என்னும் வினா, எவ்வளவு என்னும் வினாவாகிறது.

இதனை அளந்தறியும் முறையும் முகிலையும் மழையையும் ஆய்ந்தோரிடமிருந்தே வந்தமை குறிப்பிடத்தக்கது. 1950இல் வானிலையாளர் கிளென் பிரையர், நிகழ்தகவாகச் சொல்லப்பட்ட மழை முன்னறிவிப்புகளை மதிப்பிட ஓர் அளவு வகுத்தார். இன்று பரவலாக வழங்கும் வடிவில், சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருமடிப்படுத்திச் சராசரி காண்பதே அது. நடந்தால் 1, நடவாவிடின் 0. 70 விழுக்காடு என்றவர் கூற்று பலித்தால் பிழை 0.09, பொய்த்தால் 0.49. நிச்சயம் என்றவர் கூற்று பொய்த்தால் பிழை 1. குறைந்த எண் பெற்றவரே சிறந்த முன்னறிவிப்பாளர். ஒரு கூற்று அன்றி, நெடுநாட் கூற்றுகளின் தொகுதியே இங்கு மதிப்பிடப்படுவதால், தற்செயலாகப் பலித்த ஒன்றிரண்டு பெரிதும் உதவா. மிகையுறுதிக்குத் தண்டனை மிகுதி. ஐயத்தை ஐயமாகவே சொன்னவர்க்கு இழப்புக் குறைவு.

7. மறுத்தலின் நெறி

ஏதுவைச் சோதித்தல் ஒருபுறமிருக்க, எதிர்வாதியை எதிர்கொள்ளும் முறையும் தரத்தைத் தீர்மானிக்கும். நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் தொகுத்துரைக்கும் எழுவகை மதங்களுள், உடன்படலும் மறுத்தலும் மட்டுமே இன்றைய விவாதங்களில் பெரிதும் காணப்படுகின்றன. எஞ்சிய ஐந்தில் இரண்டு மீட்டெடுக்கத்தக்கவை. ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல். எதிர்வாதியின் ஏதுவை அவரே ஒப்பும் வகையில் எடுத்துரைத்த பின்னரே அதன் குறையைக் காட்டுவது இது. மற்றொன்று, இருவர் மாறுபட்ட இடத்து ஒன்றனைத் துணிதல். மேற்கூறிய விருத்த வியபிசாரிக்கு இதுவே மருந்து.

தமிழ் உரைமரபு இந்நெறியில் வளர்ந்தது. சேனாவரையர் இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ எனச் சுட்டி, அவர் கருத்தை எடுத்துரைத்து, காரணம் காட்டி மறுப்பர். மறுக்கப்படுவது கருத்து, மறுப்புக்குக் கருவி காரணம். கற்பனை அணி விவாதங்களில் ‘நீ எத்தனை முறை வென்றாய்’ என்னும் வினா எழுந்தவுடன், பொருள் கருத்திலிருந்து ஆளுக்கு மாறிவிடுகிறது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் என்பது இதுவே.

8. விவாதத் தரம் உயர்த்தும் நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து ஐந்து நெறிகள் பெறப்படுகின்றன.

1. கூற்று ஆட்டத்திற்கு முன்னர், சோதிக்கத்தக்க வடிவில் அமைதல் வேண்டும். ‘சிறப்பார்’ என்பதனினும் ‘அணியில் முதல் மூவருள் ஒருவராகப் புள்ளி ஈட்டுவார், வாய்ப்பு 60 விழுக்காடு’ என்பது பக்கத்தைத் தெளிவாக்கும்.

2. ஏதுவுடன் அதன் மூலமும், எத்தனை ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் அளவும் சொல்லப்படுதல் வேண்டும். அசித்தமும் சாதாரணமும் இதனால் குறையும்.

3. ஒத்த சான்றாகிய சாதன்மிய திட்டாந்தத்தோடு மாறுபட்ட சான்றாகிய வைதன்மிய திட்டாந்தமும் தருதல் வேண்டும். ‘இதே நிலையில் இவர் சிறந்த ஆட்டங்கள் இவை, சிறவாத ஆட்டங்கள் இவை’ என இரண்டும் காட்டுபவரின் வாதமே முழுமையுடையது.

4. ஆட்டத்திற்குப் பின் மதிப்பிடும்போது ஏதுவும் முடிவும் தனித்தனியே மதிப்பிடப்படுதல் வேண்டும். நல்ல ஏது – தீய முடிவு, தீய ஏது – நல்ல முடிவு என்னும் இருவகையே மிகுதியும் கற்பிப்பவை.

5. மறுப்பவர் எதிர்வாதியின் ஏதுவை முதலில் திருத்தமாக எடுத்துரைத்தல் வேண்டும்.

9. முடிவுரை

அறவண அடிகளின் ஏதுப்போலி வகைமைகள், தோன்றிய சமயச் சூழலுக்கு முற்றிலும் புறம்பானதொரு களத்திலும் பிழைகளை இனங்காட்ட வல்லவை என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது. அசித்தம், சாதாரணம், அசாதாரணம், விருத்தவியபிசாரி, விருத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இன்றைய விவாதத்தில் இணையான வடிவம் உண்டு. விபக்கத்தில் ஏது அறவே இருத்தலாகாது என்னும் நெறியை மட்டும் அளவு சார்ந்த நெறியாகத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அத்திருத்தம் மரபுக்கு அயலானதன்று. காரணத்தால் எழும் கருத்து பிழைக்கவும் கூடும் என்னும் அடிகளின் கூற்றே அதற்கு அடி.

தமிழ்த்துறைகளில் மணிமேகலையின் இவ்விரு காதைகள் கடினமானவை எனக் கருதிப் பெரும்பாலும் சுருக்கமாகக் கடந்து செல்லப்படுகின்றன. மாணவர் நாள்தோறும் ஈடுபடும் வாதங்களிலிருந்து சான்றுகள் காட்டிக் கற்பிப்பின் அப்பகுதி எளிதாகும். அதனினும் மேலாக, தாம் சொல்வது காரணமா, காரணம் போன்றதா எனத் தம்மைத் தாமே வினவும் பழக்கம் அவர்க்கு வாய்க்கும். தேர்தல் கணிப்பு, பங்குச்சந்தை அறிவுரை, மருத்துவம் பற்றிய செவிவழிச் செய்தி எனப் பிற ஊகக் களங்களிலும் இவ்வகைமைகளைப் பொருத்திப் பார்ப்பது மேலாய்வுக்குரியது.